விதையைக் கெடுக்கும் தரை ஓதம்: பழைய வீடுகளில் பாலிதீன் தாள் கொண்டு தடுக்கும் முறை

சித்திரையில் அறுவடை செய்த உளுந்திலிருந்து அடுத்த தை மாத விதைப்புக்கென்று விதை எடுத்து வைப்பது காவிரிப் பாசனப் பகுதி விவசாயிகளின் நெடுநாள் பழக்கம். இந்த விதை ஏறத்தாழ ஒன்பது மாதம் வீட்டில் இருக்க வேண்டும். அதில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களும் வடகிழக்குப் பருவமழைக் காலம். வெயிலில் நன்றாகக் காய வைத்து, சலித்து, நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டுக் கட்டி வைத்த விதைகூட, சில வீடுகளில் தை மாதம் மூட்டையை அவிழ்க்கும்போது நிறம் மங்கிப் பூசணம் பூத்துக் கிடக்கிறது. வண்டு விழுந்துவிட்டது, ரகம் சரியில்லை, காய்ச்சல் போதவில்லை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இவற்றோடு பலர் கவனிக்காத இன்னொரு காரணமும் உண்டு. மூட்டை வைத்திருந்த தரையே அது.

தரையிலிருந்து மேலேறும் ஈரத்தை நம் கிராமங்களில் ஓதம் என்பார்கள். பழைய ஓட்டு வீடுகளில் இந்த ஓதம் எப்படி ஏறுகிறது, அதை எப்படிக் கண்டறிவது, குறைந்த செலவில் பாலிதீன் தாளைக் கொண்டு எப்படித் தடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே களத்து விதை, இரண்டு வீடு

சில ஆண்டுகளுக்கு முன் நீடாமங்கலம் வட்டாரத்தில் ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தபோது, ஓர் அம்மையார் தம் வயலைப் பார்க்க அழைத்துச் சென்றார். மூன்று ஏக்கர் சம்பா நெல். அறுவடைக்குப் பத்து நாள் முன்பாக உளுந்து தெளித்திருந்தார். நெல் அறுவடையாகி வரப்பு தெரிந்தபோது உளுந்துப் பயிர் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. நூற்றுக்குப் பாதிகூட முளைக்கவில்லை. ஆனால் பக்கத்து வயலில் உளுந்து வரிசை தப்பாமல் பச்சென்று நின்றது. இரண்டும் ஒரே விதை. ஒரே களத்தில் அடித்து, ஒரே நாளில் காய வைத்து, இரண்டு குடும்பமும் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டது.

"வண்டு விழுந்திருந்ததா அம்மா?" என்று கேட்டேன்.

"வண்டு ஒண்ணும் விழலைங்க ஐயா. சாக்கைத் தொட்டா மட்டும் சில்லுன்னு இருந்துச்சு. மழைக்காலம்தானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

பிறகு இரண்டு வீடுகளையும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் விதையை மச்சில் ஏற்றி வைத்திருந்தார். இந்த அம்மையார் விதை அறையின் தரையில் இரண்டு சாக்கை விரித்து அதன் மேல் மூட்டையை வைத்திருந்தார். அவருடைய மாமனார் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு அது. முன்பு தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போகவேண்டிய வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருந்தது. தெருவுக்குச் சாலை போடும் ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போட்டதால் தெரு உயர்ந்துவிட்டது, வீடு தாழ்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் சுவரோரம் நாள் கணக்கில் நின்றது. விதை அறையின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்ந்து கொண்டிருந்தது.

நெல் தரிசு உளுந்தில் இத்தகைய நட்டத்தை ஈடுகட்ட வழியில்லை என்பதை விவசாயிகள் அறிவார்கள். மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு தெளித்தால்தான் உண்டு. விதை முளைக்கவில்லை என்பது தெரியவரும்போது நெல் அறுவடையாகி, வயல் வெடிக்கத் தொடங்கிவிடும். மறு விதைப்புக்கு ஈரம் இருக்காது. கெட்டது 36 கிலோ விதை மட்டுமன்று, அந்த ஆண்டின் உளுந்து வெள்ளாமை முழுவதும்தான்.

ஓதம் எப்படி ஏறுகிறது?

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் நுண்துளைகள் வழியே தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுகிறது. மணற்பாங்கான மண்ணில் இது குறைந்த உயரமே ஏறும். களிமண்ணில் பல அடி உயரம் ஏறும். டெல்டாப் பகுதியின் களிமண்ணில் மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் மேலே வந்து நிற்பதால் வீட்டுத் தரை வரை ஈரம் வந்து சேர்கிறது.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. மண்ணில் உள்ள தண்ணீர் ஆவியாக மாறித் தரையின் துளைகள் வழியே மேலே வருகிறது. தரை பார்வைக்கு உலர்ந்தே இருக்கும், கையால் தொட்டாலும் ஈரம் தெரியாது. திறந்து கிடக்கும் தரையில் இந்த ஆவி காற்றோடு கலந்து போய்விடும். அதே இடத்தில் ஒரு மூட்டையை வைத்துவிட்டால் ஆவி போக வழியில்லாமல் சாக்கில் ஏறி, சாக்கிலிருந்து விதைக்குள் ஏறுகிறது.

சிமெண்டுத் தரை போட்டிருக்கிறோமே, ஓதம் எப்படி வரும் என்று சிலர் கேட்பதுண்டு. சிமெண்டுக் கலவையிலும் நுண்துளைகள் உண்டு. அடியில் தடுப்புத் தாள் இல்லாமல் போட்ட சிமெண்டுத் தரை, தண்ணீர் ஊறுவதை ஓரளவு தாமதப்படுத்துமேயன்றி ஆவியைத் தடுக்காது.

தானியமும் விதையும் தம்மைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தம் ஈரத்தை மாற்றிக்கொள்ளும் தன்மையுடையவை. காற்றின் ஈரப்பதம் 70 சதமாக இருந்தால் நெல்லின் ஈரப்பதம் சுமார் 13 சதத்தில் நிற்கும். அதே நெல்லைச் சுற்றியுள்ள காற்று 90 சத ஈரத்துக்கு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால் நெல்லின் ஈரம் 17 சதத்துக்கு மேல் போய்விடும். ஓதம் ஏறும் தரையில் கிடக்கும் மூட்டையின் அடிப்பகுதியில் நிகழ்வது இதுதான். மேல் மூட்டை காய்ந்திருக்க, அடி மூட்டை கெடுவதற்கும் காரணம் இதுவே.

ஈரம் ஏறினால் என்ன ஆகும்?

விதையின் ஈரப்பதம் ஒரு சதம் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். விதை விஞ்ஞானி ஹாரிங்டன் வகுத்த இந்தக் கணக்கு, 5 முதல் 14 சத ஈரம் வரையுள்ள விதைகளுக்குப் பொருந்தும். இதன்படி 9 சதத்தில் காய வைத்த உளுந்து, தரை ஓதத்தால் 12 சதத்துக்கு ஏறினால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒன்பது மாதம் தாங்கவேண்டிய விதை அதற்கு முன்பே செத்துப்போவதில் வியப்பில்லை. பார்வைக்கு அது விதையாகத்தான் தெரியும். சமைத்தால் சாப்பிடவும் ஆகும். முளைக்க மட்டும் செய்யாது.

ஈரம் மேலும் ஏறினால் பூசணம் வரும். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்ததற்கு, தீவனத்தில் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. வறுத்தாலும் அவித்தாலும் இந்த நஞ்சு முழுவதும் நீங்காது. பூசணம் பிடித்த கடலையை மாட்டுக்கு வைத்தால் பால் வழியாகக் குழந்தைகளுக்கும் சென்று சேரும். வீணாகிறதே என்று மாட்டுக்கு வைப்பது கூடவே கூடாது.

வண்டுகளுக்கும் ஈரம் ஏறிய தானியமே ஏற்றது. 9 சதத்துக்குக் கீழே காய்ந்த நெல்லிலும் அரிசியிலும் கூன்வண்டு பெருகுவது அரிது. ஓதம் ஏறிய மூட்டையில் அது விரைவாகப் பெருகும்.

உங்கள் வீட்டில் ஓதம் உண்டா? ஒரு எளிய சோதனை

இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவில் ஒளி ஊடுருவும் பாலிதீன் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளவும். விதை வைக்கும் அறையில் தரையைத் துடைத்து உலரவிட்டு, தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் காற்று புகாதபடி ஒட்டு நாடாவால் ஒட்டவும். மண் தரையாக இருந்தால் ஓரங்களின் மேல் காய்ந்த மணலைக் கனமாகக் குவிக்கலாம். ஓர் இரவும் ஒரு பகலும் அப்படியே விட்டுப் பார்க்கவும்.

தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தாலும், தாளுக்கு அடியில் தரை நிறம் கறுத்திருந்தாலும், ஈரம் தரையிலிருந்து வருகிறது என்று பொருள். அடிப்பக்கம் உலர்ந்திருந்து, தாளின் மேற்பக்கத்தில் மட்டும் ஈரம் படிந்திருந்தால், அது அறைக் காற்றின் ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதுக்குத் தடுப்புத் தாள் வேண்டும். இரண்டாவதுக்குக் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். இந்தச் சோதனையை மழைக்காலத்தில் செய்தால்தான் உண்மை தெரியும். கோடையில் எந்தத் தரையும் நல்ல தரையாகவே தோன்றும்.

முன்னர் குறிப்பிட்ட அம்மையார் வீட்டில் இதே சோதனையைச் செய்து பார்த்தோம். மாசி மாதம், மழை நின்று பல வாரங்கள் ஆன பின்பும், மறுநாள் காலை தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

தானியத்தில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு கைமுறை உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு தானியமும், அதோடு வாணலியில் வறுத்து ஆற வைத்த தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டியும் போட்டு மூடி, சில நிமிடங்கள் குலுக்கி வைக்கவும். கால் மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது புட்டியின் உட்புறத்தில் உப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் தானியத்தின் ஈரம் 15 சதத்துக்கு மேல் என்று கொள்ளலாம். ஒட்டாவிட்டால் அதற்குக் குறைவு. விதைக்கு இது போதிய சோதனை ஆகாது. விதையின் ஈரத்தை ஈரப்பதமானியில் பார்த்துக்கொள்வதே நல்லது.

முதல் வேலை வெளியே

தாள் வாங்கும் முன் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். தண்ணீர் சுவரோரம் நிற்கும்வரை உள்ளே எதை விரித்தாலும் பாதிப் பலனே கிடைக்கும்.

இறவாணத்துத் தண்ணீர் சுவரடியில் விழாமல் இரண்டு அடியாவது தள்ளி விழ வேண்டும். ஓடு நகர்ந்திருந்தால் சரிசெய்யவும், தகரத் தூம்பு வைக்க இயன்றால் வைக்கவும். சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்கவும். சுவரிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி ஒரு சிறு வாய்க்கால் எடுத்து, தண்ணீரைக் கொல்லைப் பக்கம் வடியவிடவும். பாத்திரம் தேய்க்கும் இடம், குளியலறைத் தண்ணீர், மாட்டுக் கொட்டில் கழுநீர் ஆகியவை சுவரோரம் தேங்கக் கூடாது. சுவரை ஒட்டி எருக்குழி வைப்பதும், வைக்கோற்போர் போடுவதும், மண் குவிப்பதும் தவறு. தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துவிட்ட இடங்களில் இந்த வடிகால் வாய்க்கால் மிக மிக அவசியம்.

எந்தத் தாள், எவ்வளவு கனம்?

கடைகளில் பாலிதீன் தாளின் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். 100 கேஜ் என்பது 25 மைக்ரான். தரையில் விரிக்க 600 கேஜ், அதாவது 150 மைக்ரான் கனத்துக்குக் குறையாத தாள் வேண்டும். அதனினும் மெல்லிய தாள் ஒரே பருவத்தில் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் ஓதம் ஏறும்.

தாள் பெரும்பாலும் எடைக் கணக்கில் விற்கப்படுகிறது. 10 அடிக்கு 12 அடி உள்ள அறைக்கு, ஓரங்களில் சுவர் மேல் ஏற்றுவதற்கும் சேர்த்து 12 அடிக்கு 14 அடி தாள் தேவை. 600 கேஜ் தாளாக இருந்தால் இது 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். வாங்கும்போது எடை போட்டுப் பார்த்தால் கனம் சரியா என்பது தெரிந்துவிடும்.

பழைய உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து விரிப்பது பலன் தராது. பின்னலின் இடைவெளியிலும் தையல் ஓட்டையிலும் ஆவி வந்துவிடும். பூச்சி மருந்து வந்த உறைகளை விதை அறைக்குள் கொண்டு போகவே கூடாது.

விரிக்கும் முறை

பங்குனி, சித்திரை மாதங்களே இதற்கு ஏற்ற காலம். தரையும் சுவரும் ஆண்டிலேயே மிகக் காய்ந்திருக்கும் நேரம் அது.

அறையைக் காலி செய்து, கூட்டிப் பெருக்கி, ஒரு வாரம் கதவு சன்னல்களைத் திறந்து உலரவிட வேண்டும். எலி வளைகளைக் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் கலந்து அடைக்கவும். கறையான் மண் கோடுகள் இருக்கின்றனவா என்று மூலைகளில் பார்க்கவும். பாலிதீன் தாள் கறையானைத் தடுக்காது. அதற்குரிய சிகிச்சையைத் தாள் விரிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

தரை கரடுமுரடாக இருந்தால் சலித்த காய்ந்த மணலை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி மட்டம் செய்யவும். கல் முனை தாளைக் குத்திவிடாமல் இது காக்கும்.

தாளை ஒரே துண்டாக விரிப்பதே சிறந்தது. இரண்டு துண்டுகளை இணைக்க நேர்ந்தால், ஒன்றின் மேல் ஒன்று ஓர் அடி ஏறும்படி விரித்து, இணைப்பை ஒட்டு நாடாவால் நீளவாக்கில் ஒட்டவும்.

தாளின் ஓரங்களைச் சுவரின் மேல் அரை அடி முதல் ஓர் அடி வரை ஏற்றி, மெல்லிய ரீப்பர் கட்டை வைத்து ஆணியடித்தோ, ஓரத்தில் செங்கல் அடுக்கியோ நிறுத்தவும். தரையும் சுவரும் சேரும் மூலையில்தான் ஓதம் மிகுதியாக வரும். ஆகவே தாளை அந்த இடத்தில் வெட்டாமல் மடித்து விடவும்.

தாளின் மேல் நேரடியாக மூட்டை வைக்கக் கூடாது. மேலே பழைய பாய் விரித்து, அதன் மேல் நான்கு முதல் ஆறு அங்குல உயரத்துக்கு மரச்சட்டமோ, மூங்கில் படலோ, பனஞ்சட்டமோ போட்டு, அதன் மேல் மூட்டைகளை அட்டி அடுக்கவும். மரத்தின் கூர்முனைகளை இழைத்துவிட வேண்டும். அட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி விடவும். இடம் குறைவான வீடுகளில் ஓர் அடியாவது வேண்டும். தாள் தரை ஓதத்தைத்தான் தடுக்கும், சுவர் ஓதத்தைத் தடுக்காது. சுவரிலிருந்து மூட்டையைக் காப்பது இந்த இடைவெளிதான்.

புதிதாகத் தரை போடுவதாக இருந்தால் அப்போதே நிரந்தரமாகச் செய்துவிடலாம். பழைய தரையைப் பெயர்த்து, மண்ணைத் திமிசு போட்டு, 4 அங்குலம் ஜல்லி பரப்பி, அதன் மேல் ஓர் அங்குலம் மணல் பரப்பி, 1000 கேஜ், அதாவது 250 மைக்ரான் தாளை விரித்து, அதன் மேல் கான்கிரீட் போட வேண்டும். பெரிய ஜல்லிகளுக்கு இடையே தண்ணீர் திரிபோல ஏற முடியாது. ஆவியைத் தாள் தடுத்துவிடும்.

பத்தாயத்தின் அடியைப் பாருங்கள்

நம் முன்னோர் பத்தாயத்தைத் தரையில் வைக்கவில்லை. கால்களின் மேலோ உத்திரக் கட்டைகளின் மேலோ தூக்கி வைத்தார்கள். அடியில் காற்று ஓடி, ஓதத்தை அடித்துக்கொண்டு போகட்டும் என்பதே அதன் நோக்கம். இன்று பல வீடுகளில் பத்தாயத்தின் அடியில் பழைய மண்வெட்டி, உடைந்த பானை, விறகு, சாக்கு என்று அடைந்து கிடக்கிறது. காற்றோட்டம் நின்றுவிட்டதால் அடிப்பலகை ஓதம் பிடித்து உளுத்துப்போகிறது. நெல் கெடுவதோடு பலகையும் போகிறது.

அமெரிக்காவில் பழைய மரவீடுகள் பலவற்றில் இதே சிக்கல் உண்டு. அங்கே வீட்டின் மரத்தளத்தை மண்ணிலிருந்து இரண்டு, மூன்று அடி தூக்கிக் கட்டுவார்கள். அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். மண்ணிலிருந்து எழும் ஆவி அங்கே தங்கித் தள உத்திரங்களை மக்கச் செய்யும். இதற்கு அவர்கள் கையாளும் வழி, அந்த மண்ணின் மேல் முழுவதும் 150 மைக்ரான் பாலிதீன் தாளை விரித்துவிடுவதுதான். முன்பெல்லாம் அந்த இடத்தில் காற்றுத் துளை வைத்தால் போதும் என்று கருதினார்கள். ஆனால் ஈரக்காற்று மிகுந்த பகுதிகளில், வெளிக்காற்றே உள்ளே ஈரத்தைக் கொண்டுவந்து குளிர்ந்த மரத்தின் மேல் படியவிடுகிறது என்று பின்னர் கண்டார்கள்.

இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். பத்தாயத்தின் அடியைக் காலி செய்து, கூட்டி, தரையில் பாலிதீன் தாளை விரித்து, நான்கு புறமும் ஓர் அடி வெளியே நீளும்படி விடவும். பத்தாயத்தின் கால்கள் தாளைக் கிழிக்காமல் இருக்க, கால் இருக்கும் இடத்தில் தாளைக் கீறிக் காலைச் சுற்றி ஒட்டு நாடாவால் ஒட்டவும். அறையின் சன்னலை வெயில் காயும் பகலில் திறந்து வைக்கவும். அடைமழை நாட்களிலும் இரவிலும் மூடி வைக்கவும். காற்றோட்டம் நல்லது என்று எண்ணி மழை நாளில் சன்னலைத் திறந்தால், வெளியில் உள்ள ஈரத்தை நாமே உள்ளே அழைப்பதாகும்.

செய்யக் கூடாதவை

பாலிதீன் தாள் ஈரத்தைத் தடுக்குமேயன்றி ஈரத்தை உலர்த்தாது. இதை மறக்கக் கூடாது. அரைகுறையாகக் காய்ந்த நெல்லைத் தாளால் நாற்புறமும் மூடினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி இரண்டே வாரத்தில் வெம்பிப் பூசணம் பிடிக்கும். முதலில் காய்ச்சல், பிறகுதான் தாள்.

உப்புப் பூத்த பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டுக் கலவை பூசி மறைப்பது வழக்கமாகிவிட்டது. சுண்ணாம்புக் காரை வழியே சுவரின் ஈரம் வெளியேறிக் காயும். சிமெண்டு பூசினால் அந்த வழி அடைபட்டு, ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்கு மேற்பட்ட இடத்தில் வெளிப்படும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது.

அறையைத் தாள் கொண்டு நன்றாக அடைத்துவிட்டோம் என்று எண்ணி, வண்டுக்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுப்புகை மனித உயிரைக் குடிக்கும். மாற்று மருந்து கிடையாது.

கிழிந்து பயனற்றுப்போன தாளைக் களத்தில் எரிக்காமல், பழைய பிளாஸ்டிக் வாங்குவோரிடம் சேர்க்கவும்.

எவ்வளவு காய்ச்சல் வேண்டும்?

சாக்கில் அல்லது துணிப்பையில் வைக்கும் விதைக்கு நெல்லில் 13 சதமும், உளுந்து, பச்சைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றில் 9 சதமும் ஈரப்பத உச்சவரம்பு. காற்றுப் புகாத கனமான பாலிதீன் பையில் அடைப்பதாக இருந்தால் இன்னும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நெல்லும் உளுந்தும் 8 சதத்துக்கும், நிலக்கடலை 5 சதத்துக்கும் மேற்படக் கூடாது. நன்கு காய்ந்த உளுந்து பல்லில் கடித்தால் கடக்கென்று உடையும், நசுங்காது. காய்ந்த நிலக்கடலைக் காயை ஆட்டினால் உள்ளே பருப்பு சலசலக்கும்.

ஈரத்தடையின் பயனை உணர்த்த நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த பூசா குதிர், சுடாத செங்கல்லாலும் மண்ணாலும் கட்டப்படுவது. அதன் இரட்டைச் சுவர்களுக்கு நடுவிலும், தளத்திலும், மேல் மூடியிலும் 700 கேஜ் பாலிதீன் தாளை வைத்துக் கட்டுவார்கள். மண் வலுவைத் தருகிறது, தாள் ஈரத்தைத் தடுக்கிறது. தாள் இல்லையென்றால் அது வெறும் மண் குதிர்தான்.

விதைப்புக்கு முன் ஒரு சோதனை

எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும், தெளிப்பதற்கு இரண்டு வாரம் முன்பு முளைப்புச் சோதனை செய்துவிட வேண்டும். மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் விதை எடுத்துக் கலந்து, நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைக்கவும். துணி காயாமல் பார்த்துக்கொள்ளவும். உளுந்தில் ஏழாம் நாள் எண்ணும்போது 75க்குக் குறையாமல் நல்ல முளைகள் இருக்க வேண்டும். இது சான்று விதைக்குரிய அளவு. குறைந்தால் வேறு விதை தேட இரண்டு வார அவகாசம் இருக்கும். தெளித்த பிறகு தெரிந்தால் அவகாசமே இல்லை.

நீடாமங்கலம் வட்டாரத்து அம்மையார் அந்தச் சித்திரையிலேயே சுவரோரம் வாய்க்கால் எடுத்து, விதை அறையில் தாள் விரித்து, மூங்கில் படல் போட்டார். தெருவை அவரால் தாழ்த்த முடியவில்லை, வீட்டை உயர்த்தவும் முடியவில்லை. ஆனால் மண்ணுக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு தாளைப் போட முடிந்தது. அடுத்த தையில் அவர் முளைப்புச் சோதனைத் துணியைப் பிரித்து என்னிடம் காட்டியபோது, எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "இந்தத் தடவை சாக்கு சில்லுன்னு இல்லைங்க ஐயா" என்று மட்டும் சொன்னார்.

பழைய வீடு வைத்திருக்கும் விவசாயப் பெருமக்கள், வரும் மழைக்காலத்தில் ஒரு நாள் இரண்டடித் தாளை ஒட்டித் தங்கள் விதை அறையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓதம் இருப்பது தெரிந்தால் உடனே விதையை மச்சில் ஏற்றிவிட்டு, அடுத்த கோடையில் வடிகாலும் தடுப்புத் தாளும் அமைத்துப் பயன் பெறலாம். தாளுக்கு ஆகும் செலவு ஒரு மூட்டை உளுந்தின் விலைக்கு வராது. அது காப்பதோ ஓர் ஆண்டு வெள்ளாமையை.